டிசம்பர்த் தலைவலி

பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறினால், அன்று இரவோ மறுநாள் காலையோ எனக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிடும். மழைக்காலத்தில் பள்ளிக்கூட வாசலில் தூவுவார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும்போது போடுவார்கள். சாக்கடை ஓரம் நெடுகக் கொட்டிவிட்டுப் போவார்கள். மற்றவர்களுக்கு அது சுத்தம் செய்த இடத்தின் வாசனை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் இருந்தவர்களுக்கு அது வேறு. பிணங்களை மொத்தமாகப் புதைத்த குழிகளின் மேலும், இடிந்த வீடுகளுக்கு நடுவிலும், முகாம் வாசல்களிலும் வாரக்கணக்கில் வெள்ளையாகக் கிடந்தது அந்தத் தூள்தான்.

நான் கீச்சாங்குப்பத்துப் பெண். மீனவக் குடும்பம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் பிளந்தது எங்களுக்குத் தெரியாது. ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் வந்தது. வீட்டுக்குள் நானும் தம்பியும் இருந்தோம். கதவைத் திறக்க முடியவில்லை. ஒரு கையால் சன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன், இன்னொரு கையில் தம்பி. பிறகு அந்தக் கையில் அவன் இல்லை. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பின் வந்த தலைவலியைப் பற்றித்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அன்று இறந்த சுமார் 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் இறந்தவர்கள். என்னைப் போல உயிர் தப்பியவர்கள் எங்கள் கரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் தலைவலி என்று சொல்லிக்கொள்ள யாரும் கூச்சப்படுவதில்லை. அடுத்த வீட்டு அத்தை சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவாள். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்கும். ஆனால் ‘ராத்திரி தண்ணி வர்ற சத்தம் கேக்குது, எழுந்து கதவைத் திறந்து வைக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘புள்ள பயந்திருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டு’ என்பார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால் ‘வெளியில சொல்லாதே’ என்பார்கள். அதனால் இரண்டில் ஒன்று மட்டும் வைத்தியரிடம் போகிறது, மற்றது வீட்டோடு இருந்துவிடுகிறது. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

எனக்கு அது சேர்ந்தது ஒரு கேள்வியால். நரம்பு டாக்டர்கள் என்னிடம் எந்தப் பக்கம் வலி, எத்தனை மணி நேரம், வாந்தி உண்டா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்கேன் பார்த்து ‘மூளையில ஒண்ணும் இல்லம்மா’ என்று சொல்லியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவர்தான் வேறு மாதிரி கேட்டார். “இந்தத் தலைவலி எப்போம்மா ஆரம்பிச்சுது?” என்றார். “காலேஜ் மூணாம் வருஷம் சார்.” “அந்த வருஷம் வேற என்ன நடந்துச்சு?” சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகம். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் தெறிக்கும், படி ஏறினால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கும் அவற்றின் ரத்தக் குழாய்களுக்கும் தெரியும். முகம், கண், பல் எல்லாவற்றுக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்புதான் அங்கேயும் போகிறது. தாக்குதல் தொடங்கும்போது அந்த நரம்பு நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற ஒரு பொருளைக் கக்குகின்றன. குழாய்கள் விரிகின்றன, உறை எரிச்சலடைகிறது, வலிச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2018-லிருந்து வந்திருக்கும் புதிய தடுப்பு ஊசிகள் இந்தப் பொருளைத்தான் மறிக்கின்றன.

மைக்ரேன் உள்ளவர்களின் மூளைக்கு மாற்றம் ஆகாது. தூக்கம் கெட்டால், பசி தாண்டினால், வெயில் ஏறினால், மாதவிடாய் நெருங்கினால் அது முறைத்துக்கொள்ளும். இப்போது இதன் பக்கத்தில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயை வைத்துப் பாருங்கள். இந்த நோயை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல்தான் முறையாகப் பட்டியலில் சேர்த்தார்கள். சாவை நேரில் பார்த்த மனம் அது முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது. தூக்கம் கெடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பதால் தாடையும் கழுத்தும் இறுகிப்போகின்றன. உடம்பு எந்நேரமும் ஓடத் தயாராக நிற்கிறது. நடுநடுவே ஃபிளாஷ்பேக். ஒரு சத்தம், ஒரு நெடி, அவ்வளவுதான். நீங்கள் மறுபடியும் அந்த நாளுக்குள் இருக்கிறீர்கள், இதயம் அடித்துக்கொள்கிறது, வியர்க்கிறது. மைக்ரேனைக் கிளப்பிவிட என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் இந்த ஒரே நோய் தினமும் கொண்டுவந்து கொடுக்கிறது. மைக்ரேன் உள்ளவர்களிடையே இந்த அதிர்ச்சி நோய் மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிறுவயதில் அடி உதையும் கொடுமையும் பட்டவர்களுக்குப் பின்னாளில் மைக்ரேன் வருவது அதிகம் என்றும் கண்டிருக்கிறார்கள்.

நெடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகள் தலாமஸ் என்ற இடத்தில் நின்றுதான் மூளையின் மற்றப் பகுதிகளுக்குப் பிரிந்து போகும். மூக்கின் செய்திக்கு அந்த நிறுத்தம் இல்லை. அச்சத்தை ஆளும் அமிக்டலாவுக்கு அது நேராகப் போகிறது. எனவே ‘இது பிளீச்சிங் பவுடர்’ என்று எண்ணி முடிப்பதற்குள் உடம்பு 2004-க்குப் போய்விடுகிறது. போதாததற்கு மைக்ரேன் உள்ளவர்களில் பலருக்குக் கடும் நெடியே வலியைக் கிளப்பிவிடும். அகர்பத்தி, பெயின்ட், டீசல், செண்ட் எதுவானாலும். ஒரே நெடி எனக்கு இரண்டு வழியாகவும் உள்ளே வருகிறது.

ஃபிளாஷ்பேக்குக்கும் தலைவலிக்கும் உள்ள உறவு எனக்குப் பல வருஷம் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் மறுபடியும் பெரிய நிலநடுக்கம், 8.6 அளவு. ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தது. கரையில் இருந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டாமல், வீட்டைப் பூட்டாமல் ஓடினோம். சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அலை வரவில்லை. எல்லாரும் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிய பிறகு, மறுநாள் காலையில்தான் எனக்குத் தலை வெடித்தது. ஓடும்போது வராத வலி, ஆபத்து இல்லை என்று தெரிந்தபின் ஏன் வர வேண்டும்?

இதற்கு விடை இருக்கிறது. நியூயார்க்கின் மான்டிஃபியோரி மருத்துவ மையத்து ஆய்வாளர்கள் மைக்ரேன் உள்ளவர்களைத் தினமும் குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். மன இறுக்கம் ஏறும்போது வருவதைவிட, ஏறிய இறுக்கம் சட்டென்று இறங்கும்போது தாக்குதல் அதிகமாக வருவது தெரிந்தது. இறங்கிய முதல் 6 மணி நேரத்தில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. சிறிய ஆய்வுதான். ஆனால் பரீட்சை முடிந்த அன்று தலைவலியோடு படுக்கும் மாணவர்களையும், மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் எழுந்திருக்க முடியாத அம்மாக்களையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஃபிளாஷ்பேக் உடம்பை உச்சிக்கு ஏற்றி அங்கிருந்து தள்ளிவிடுகிறது. வலி கீழே காத்திருக்கிறது.

ஆகவே தலைவலிக் குறிப்பேடு எழுதுகிறவர்கள், வலி வந்த நாளை மட்டும் எழுதினால் போதாது. முந்தின நாள் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், எடுத்த மாத்திரை, கெட்ட கனவு, மனம் எங்கேயாவது போய்வந்ததா என்பது. பழைய வகுப்பு நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதினேன். அதைப் பார்த்த மருத்துவர் ஒரு பக்கத்தைப் புரட்டியதுமே கண்டுபிடித்துவிட்டார். கடல் சம்பந்தமான ஏதோ ஒன்று, மறுநாள் வலி, கடல், வலி, நடுவில் சில மாதவிடாய் வலிகள்.

மைக்ரேனின் முன்னறிகுறியும் ஃபிளாஷ்பேக்கும் குழம்பிப்போவது உண்டு, அதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மைக்ரேன் உள்ள சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து நெளிந்த வெளிச்சக் கோடுகள் தெரியும், பார்வையில் ஓர் இடம் மறையும், கை மரத்துப்போகும். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிடத்துக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போவதால் வருவது அது. 1944-ல் லியாவோ என்ற பிரேசில் அறிவியலாளர் இந்த அலையை முதலில் விவரித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விலகிவிடும். ஃபிளாஷ்பேக்கில் கோடுகள் இல்லை. ஆட்களும் இடமும் நெடியும் இருக்கும், திடீரென்று வரும். இந்த வெளிச்சக் கோடுகள் காணும் பெண்கள் கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இனி நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஒரு நோய்க்குச் சொல்லும் யோசனை மற்ற நோய்க்கு ஆகாமல் போகும். மைக்ரேனுக்கு எல்லாரும் சொல்வது: இருட்டான அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் படு. நான் மூடிய அறைக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவள். சாத்திய கதவும் இருட்டும் எனக்கு வலியைவிடக் கொடியவை. அங்கே படுத்தால் ஃபிளாஷ்பேக் வரும், அதனால் வலி நீளும். ஃபிளாஷ்பேக்குக்குச் சொல்வது: முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடி, கடும் வாசனை ஒன்றை முகர்ந்து பார், வெளிச்சத்தைப் பார், சத்தமாகப் பாட்டுக் கேள், சுற்றிலும் உள்ள பொருள்களை எண்ணு. தண்ணீர் எனக்கு ஆகாது. வாசனையும் வெளிச்சமும் சத்தமும் தலைக்கு ஆகாது. இரண்டு யோசனைகளையும் தனித்தனியாகக் கொடுத்த யாரும் தப்பாகச் சொல்லவில்லை. சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை.

இப்போது நான் செய்வது இது. படுக்கும் அறையின் கதவு ஒரு சாண் திறந்திருக்கும். கண்ணை மட்டும் ஒரு மெல்லிய பருத்தித் துணியால் மூடிக்கொள்வேன், அறை இருட்டாக வேண்டாம். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த மாதிரி படுப்பேன். மட்டமாகப் படுத்தால் தண்ணீருக்குள் இருப்பதாகத் தோன்றும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீட்டில் யாராவது இருப்பார்கள். பிடரியில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைப்பது எனக்கு ஒத்துக்கொள்கிறது, முகத்தில் தண்ணீர் படாமல்.

நான் பாடம் எடுக்கும் வகுப்பறையில் ஃபிளாஷ்பேக் வரும் அறிகுறி தெரிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்தி நிற்பேன். சாக்பீஸை இறுகப் பிடிப்பேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். பிறகு உதட்டுக்குள் ஒரு வாக்கியம்: “என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்.” அந்த நாளில் உண்மையாக இருந்திருக்கவே முடியாத ஒரு வாக்கியம் அது. இன்றைய தேதியைச் சொல்லிக்கொள்வதைவிட இதற்குப் பலம் அதிகம் என்று மனநல ஆலோசகர் சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும்: கட்டிய வீடு, பிறந்த பேரன், வாங்கிய வேலை. ஃபிளாஷ்பேக் கடந்துவிட்டால் உடனே ஓய்ந்து உட்காராமல் கொஞ்சம் நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், பசி இல்லாவிட்டாலும் இரண்டு இட்லியாவது சாப்பிடுவேன். உச்சியிலிருந்து மெல்ல இறங்க வேண்டும். இது எல்லாத் தாக்குதலையும் நிறுத்தாது. என் குறிப்பேட்டில் வலி நாட்கள் குறைந்திருக்கின்றன, அது எனக்குப் போதும்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது என் சித்தியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மீன் விற்கிறவர். பிள்ளைகள் இருவரையும் அந்தக் காலையில் இழந்தவர். ‘தல வெடிக்குதுடி’ என்பார், இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார். காலையில் கூடை தூக்கும் முன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. பல வருஷம் அப்படி. மாத்திரையே தலைவலி தரும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு வலி மாத்திரை, டிரிப்டான் போன்றவற்றை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், மூளை அதற்குப் பழகி, மருந்து இறங்கும்போதெல்லாம் வலியைக் கொண்டுவரும். சித்திக்கு அதுதான் நடந்திருந்தது. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தியபோது முதல் சில நாள் மிகவும் அவதிப்பட்டார். பின்பு தலைவலி தினமும் வருவது நின்றது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதார். வலி மாத்திரை அதுவரை அந்தத் துக்கத்தையும் மூடி வைத்திருந்தது.

தாக்குதல் வரும்போது போடும் மாத்திரையைத் தொடக்கத்திலேயே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் வயிறு ஏற்காது. அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துகள் உண்டு. ப்ரோப்ரனலால் பலருக்கு உதவும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் வலியையும் குறைத்துத் தூக்கத்தையும் கொடுக்கும். வால்ப்ரோயேட் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கூடாது, கருவில் குறைபாடு உண்டாக்கும். டிரிப்டான் இதய நோய் உள்ளவர்களுக்குக் கூடாது. அதிர்ச்சி நோய்க்கு செர்ட்ராலின் போன்ற மருந்துகள் கொடுப்பார்கள். தூக்க மாத்திரையை மட்டும் நாள்கணக்கில் விழுங்குவது அதிர்ச்சி நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும். நரம்பு மருத்துவர் எழுதியதை மனநல மருத்துவரிடமும், அவர் எழுதியதை இவரிடமும் காட்டுங்கள். இரண்டு சீட்டையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு போவது என் வழக்கம்.

மனதுக்கான சிகிச்சையில் மருந்தைவிடப் பேச்சு பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் கொடுத்த வழிகாட்டுதலில் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவோடு நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைத்தது. எனக்குக் கிடைத்தது முதல் வகை. அந்தக் காலையை முதலிலிருந்து கடைசி வரை, அவசரப்படாமல், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒதுக்கி வைத்திருந்தவற்றை எழுதி, சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக நெருங்க வேண்டும். தம்பியின் சட்டையைத் தொட்டது ஒரு வாரம். கடலைத் தூரத்திலிருந்து பார்த்தது ஒரு வாரம். இந்தச் சிகிச்சையின் ஆரம்பத்தில் தலைவலி கூடியது, மறைக்க வேண்டியதில்லை. ஆலோசகர் அதை முன்பே எதிர்பார்த்திருந்தார். காலையில், சாப்பிட்ட பிறகு, மறுநாள் விடுமுறை இல்லாத நாளில் வரச் சொன்னார். விடுமுறை நாளில் உடம்பு சட்டென்று தளரும் என்பதால். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்கூட வழக்கமான நேரத்துக்கே எழச் சொன்னார்.

மனதைச் சரிசெய்தால் தலைவலி தானாகப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அமெரிக்காவில் தலையில் அடிபட்ட பின் தலைவலியும், கூடவே அதிர்ச்சி நோயின் அறிகுறிகளும் உள்ள 193 முன்னாள் படைவீரர்களிடம் செய்த ஆய்வு 2022-ல் வந்தது. அதிர்ச்சிக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களுக்கு அதிர்ச்சி குறைந்தது, தலைவலியால் வரும் முடக்கம் குறிப்பிடும்படி குறையவில்லை. தலைவலியைச் சமாளிக்கும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தலைவலி முடக்கமும் குறைந்தது, அதிர்ச்சியும் குறைந்தது. தலைவலிக்கு அதற்கான வைத்தியம் வேண்டும். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவர் நோயாளிக்கு அநியாயம் செய்கிறார்.

சுனாமிக்குப் பின் வந்த உதவிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாகப் பேச வைத்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் முகாமுக்கு ஒன்றன் பின் ஒன்றாக வந்த குழுக்கள் பிள்ளைகளிடம் கிரேயானைக் கொடுத்து அலையை வரையச் சொன்னதையும் பார்த்தேன். இன்று வருகிறவர்கள் வரையச் சொல்வார்கள், நாளை வேறு ஆட்கள் அதையே வரையச் சொல்வார்கள். தார்ச்சீட்டுக் கொட்டகையில் வேர்க்க வேர்க்க அந்தப் பிள்ளைகள் நீல நிறம் தீரும் வரை வரைந்தார்கள். தொடர்ந்து வர முடியாதவர்கள் அந்த நினைவின் கதவைத் திறக்கக் கூடாது.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரேனும் அதிர்ச்சி நோயும் பெண்களுக்குத்தான் அதிகம். ஆனால் அமெரிக்காவில் பார்த்ததில், இரண்டுக்கும் உள்ள பிணைப்பு ஆண்களிடம் இன்னும் வலுவாக இருந்தது. எங்கள் கரையில் ஆண்கள் தலைவலியைக்கூடச் சொல்வதில்லை. கடலுக்குப் போகிறார்கள், திரும்பி வந்து குடிக்கிறார்கள். குடி தூக்கத்தைக் கெடுக்கும், மைக்ரேனைக் கிளப்பும், கனவை மோசமாக்கும். வீட்டில் அண்ணனோ அப்பாவோ இப்படி இருந்தால், ‘குடிக்காதே’ என்பதற்கு முன்னால் ‘தூக்கம் வருதா?’ என்று கேளுங்கள்.

எல்லாத் தலைவலியையும் மைக்ரேன் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. இடி விழுந்தது போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், பார்வை போவது, தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் வலி, கர்ப்பத்தில் வரும் கடும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் தொலைக்காட்சிகள் அந்த அலையைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நினைவு நாளை அனுசரிக்க வேண்டும், நாங்களும் கடலில் பால் ஊற்றி மலர் தூவுகிறோம். செய்தி ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இறந்தவர்களின் பெயர்களைக் காட்டுங்கள், அவர்களின் படங்களைக் காட்டுங்கள். தண்ணீர் வருவதைச் சுற்றிச் சுற்றிக் காட்டாதீர்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால் முன்னால் ஓர் எச்சரிக்கை போடுங்கள். எங்கள் வீட்டில் டிசம்பர் கடைசி வாரம் டிவி ஓடாது.

இதைப் படிப்பவர்கள் கடற்கரையில் இருக்க வேண்டியதில்லை. சாலை விபத்து, தீ, வீட்டுக்குள் அடி, போர், பிரசவத்தில் இழந்த குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் இருக்கலாம். தலைவலிக்கு மருத்துவரிடம் போகும்போது அந்த நாளையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் பார்க்கிறார், கட்டணம் இல்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.